ஆயிரத்து முந்நூற்றுப் பதினாலு யூனிட்

இருந்தவர்கள்: வீட்டுக்காரர், அவர் மனைவி, மாடி அறையில் குடியிருக்கும் தையல்காரம்மா, இரண்டு வருடமாக வேலையில்லாமல் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருமகன். தையல்காரம்மாவின் ஃப்ரிட்ஜையும் சேர்த்தால் ஐந்து. விசாரணையே அதன் மேல்தான்.

கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே மீட்டர். இந்த வருடம் யூனிட் எகிறியிருந்தது. ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்றால் தையல்காரம்மா அறையைக் காலி செய்ய வேண்டும்.

"மாப்பிள்ளை, நீங்க படிச்சவர். கணக்குப் போட்டுச் சொல்லுங்க," என்றார் மாமனார். அவர் வாயிலிருந்து 'படிச்சவர்' என்று வந்தது அதுவே முதல் தடவை.

மருமகனுக்குத் தலைகால் புரியவில்லை. ஃப்ரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்த்தான். நூற்றைம்பது வாட்ஸ். காகிதத்தில் இருபத்து நாலு மணி நேரத்தால் பெருக்கினான். ஒரு நாளைக்கு மூணரை யூனிட்டுக்கு மேல். முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினான்.

"வருஷத்துக்கு ஆயிரத்து முந்நூத்திப் பதினாலு, மாமா."

"அடேயப்பா! இது பெட்டியா, பகாசுரனா?"

தையல்காரம்மா மெதுவாகச் சொன்னாள். "தம்பி, அது எந்நேரமும் ஓடாதுங்க. கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிக்கும்."

"ப்ளக் மாட்டியிருந்தா ஓடுதுன்னுதான் அர்த்தம்."

"நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை," என்று மாமியார் சிரித்தாள். "ஊசி பிடிக்கிறவங்க கரண்டுக்குப் பாடம் நடத்துறாங்க."

அந்த நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி ஓய்ந்தது. கரண்ட் போகவில்லை; கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிந்திருக்கும். மோட்டார்தான் நின்றிருந்தது. தையல்காரம்மா அவன் முகத்தையே பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"மாசக் கடைசிக்குள்ள பார்த்துக்கம்மா," என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் மத்தியானம் தையல்காரம்மா வேறு அறை தேடிப் போயிருந்தபோது, அவன் கைக்கடிகாரத்தோடு அவள் கதவில் காதை வைத்து உட்கார்ந்தான். பதினைந்து நிமிடம் ஓடியது. அரை மணி நின்றது. மறுபடி பதினைந்து. மூன்றில் ஒரு பங்கு. நானூற்று முப்பத்தெட்டு யூனிட், அவ்வளவுதான்.

கீழே இறங்கினான். "வாங்க இன்ஜினியரே, சாப்பிடலாம்," என்றார் மாமனார். மாமியார் கரண்டி நிறைய அள்ளி வைத்தாள். எல்லாவற்றையும் வழித்துத் தின்றான்.

மாசக் கடைசியில் ஃப்ரிட்ஜைக் கீழே இறக்கித் தள்ளுவண்டியில் ஏற்ற அவனும் கை கொடுத்தான். தையல் மிஷினும் போனது. மாடிச்சாவியை அவன் கையில் வைத்துவிட்டு அவள் பையை எடுத்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் போட்ட கணக்கு..."

"தப்புன்னு தெரியும். உங்களுக்கும் அப்பவே தெரிஞ்சுதே. வாயைத் திறந்திருந்தா இந்நேரம் மேல ஜாக்கெட் தைச்சிட்டிருப்பேன்."

அவன் வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து மாமனார் குரல் வந்தது. "போயாச்சா மாப்பிள்ளை?"

"போயாச்சு மாமா."

அவள் வாசற்படியில்தான் நின்றிருந்தாள். அவனை ஒரு தரம் பார்த்துவிட்டுப் படி இறங்கினாள். அவன் வாசல் கதவைச் சாத்திப் பூட்டினான்.