மூன்றாம் மாடிக்குப் போன சூப்

சாரணியர் குழுவில் அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். பதிமூன்று வயதுக்கு அத்தனை பொடிசு. வாய் மட்டும் ஊருக்குப் பெரிசு. சமையல் பேட்ஜ் வாங்க வேண்டுமென்றால், நடமாட முடியாத ஒருவருக்குப் பத்து நாள் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்க வேண்டும். சுண்டெலிக்கு வாய்த்தவர் மருந்துக்கடைக்காரரின் அத்தை. மூன்றாம் மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

கதவைத் திறப்பவர் எப்போதும் மருந்துக்கடைக்காரர்தான். தெருவே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் மனிதர். டப்பாவை வாங்கிக்கொண்டு, அவளுடைய பேட்ஜ் அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருவார்.

"அத்தைக்குப் பிடிச்சுதா அங்கிள்?"

"பிடிச்சுதாவா? சூப்பை ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. உப்புதான் ஒரு கல்லு கூடன்னாங்க."

அந்த ஒரு கல் உப்பு அவளைப் படாத பாடு படுத்தியது. மறுநாள் அளந்து அளந்து போட்டாள். கேரட்டை நட்சத்திரங்களாக வெட்டி மிதக்கவிட்டாள்.

ஆறாம் நாள் படியிறங்கி வந்தபோது, கீழே குப்பைத் தொட்டியைப் பூனை உருட்டிவிட்டிருந்தது. கிழிந்த பையிலிருந்து கேரட் நட்சத்திரங்கள் சிதறிக் கிடந்தன. பக்கத்தில் முடிச்சுப் போட்ட பைகள். ஒன்றை அவிழ்த்தாள். திங்கட்கிழமைக் கஞ்சி. இன்னொன்றில் அவித்த முட்டை, கடிக்காமல் முழுசாக.

குழுத் தலைவியிடம் ஓடினாள்.

"முடியாதவங்களுக்குச் சாப்பாடு இறங்காதுடி," என்றார் தலைவி. "உன் மனசு நோகக் கூடாதுன்னு அவர் அப்படிச் சொல்லியிருப்பார்."

இருக்கலாம். ஆனாலும் மறுநாள் டப்பாவைக் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அத்தையை ஒரு தடவை பார்க்கலாமா அங்கிள்?"

"தூங்கறாங்கம்மா."

உள்ளே டங், டங் என்று கட்டில் கம்பியை யாரோ தட்டினார்கள். பிறகு நூல் மாதிரி ஒரு குரல்: "தண்ணி..."

மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு மாறவே இல்லை. அவள் தோளில் கை வைத்தார். "சமத்துப் பொண்ணுல்ல? வீட்டுக்குப் போ."

கை அழுந்தியது. சுண்டெலி கட்டடமே அதிரக் கத்தினாள். இரண்டாம் மாடித் தையல்காரம்மா கழுத்தில் இஞ்ச் டேப்போடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"சின்னப் பொண்ணு, கதை கட்டுது," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உள்ள போய்ப் பார்த்தா தெரிஞ்சுடப் போகுது," என்று அவரைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார் தையல்காரம்மா.

அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே, மடித்து வைத்த துணி போல ஒரு பெண். உதடெல்லாம் வெடிப்பு. தண்ணீர் ஜாடி எதிரே அலமாரியின் உச்சியில், கைக்கு எட்டாமல் நிறைந்திருந்தது. தையல்காரம்மா ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த அத்தை சுண்டெலியின் சட்டைக் கையை விடவில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டார், ஆஸ்பத்திரியிலிருந்து தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மருந்துக்கடைக்காரரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. ஒரே மாதம். ஜாமீனில் வந்து கடையைத் திறந்துவிட்டார். 'பாவம், ஒத்தை ஆளா எவ்வளவு நாள்தான் பார்ப்பார்' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் அவர் அவளைக் கூப்பிட்டார், அதே சிரிப்போடு.

"உங்க வீடு எந்தத் தெரு கண்ணு?"

சுண்டெலி திரும்பி வீட்டுக்கே ஓடி அப்பாவிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து அவள் அப்பா கூடவே நடந்து போனார், கடைப் பக்கமாக அவளை விடாமல்.