ஏழாம் நம்பர் தவளையின் லீவு

இப்போதெல்லாம் மருந்துக் கடையில் ஒரு குச்சி வாங்கி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்தே நிமிடத்தில் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒருத்தி தாயாகப் போகிறாளா என்று சொல்ல ஒரு தவளை வேண்டியிருந்தது. சிரிக்காதீர்கள். அந்தத் தவளைகளுக்கு ஊசி போட்டே ஒரு பெண் பதினாறு வருஷம் சம்பளம் வாங்கினாள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் தவளையக்கா.

மாடிப்படிக்குக் கீழே இருந்தது தவளை அறை. எப்போதும் ஈர வாடை. வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண் தவளை, தொட்டியில் நம்பர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தப் பழமொழி இவற்றிடம் செல்லாது. நாள் முழுக்க வாயைத் திறக்காமல் உம்மென்று கிடக்கும். வீட்டு மனிதர்களைவிட இவை எவ்வளவோ தேவலை என்பாள் தவளையக்கா.

வேலை இதுதான். வயிற்றில் கரு ஒட்டிக்கொண்டதும் அது சும்மா இருக்காது. ஒரு ஹார்மோனைச் சுரக்கும். 'நான் வந்துவிட்டேன், இந்த மாதம் வீட்டைக் காலி செய்துவிடாதே' என்று தாயின் உடம்புக்கு அது எழுதுகிற கடிதம் அது. கடிதம் ரத்தத்தில் ஓடும், மிச்சம் சிறுநீரில் வெளியேறும். அந்தச் சிறுநீரைத் தவளையின் முதுகுத் தோலுக்கடியில் ஏற்றினால், பாவம் தவளை, யாருக்கோ வந்த கடிதத்தைத் தனக்கு வந்ததாக நினைத்துக்கொண்டு விடிவதற்குள் முட்டையிட்டுவிடும். கடுகு போல, பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. முட்டை இருந்தால் இனிப்பு, இல்லையென்றால் அடுத்த மாதம்.

ஒருமுறை ஊசி போட்ட தவளைக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். பழைய மருந்து உடம்பில் இருக்கும்போது புதிதாகப் போட்டால் முட்டை யாருடையது என்றே தெரியாது. அதற்காக ஒரு லீவு நோட்டு. எந்தத் தவளைக்கு யார், எப்போது, என்ன போட்டார்கள் என்று அதில் எழுதாமல் ஒரு தொட்டியையும் தொடக் கூடாது. இதில் தவளையக்கா படு கறார். "தவளைக்கு மாசம் பூரா லீவு, எனக்கு ஞாயித்துக்கிழமையே சந்தேகம்" என்று முனகிக்கொண்டே எழுதுவாள்.

மாடியில் இருந்த இளம் விஞ்ஞானிக்குச் சுரப்பி சார் என்று பெயர். வாயைத் திறந்தால் பிட்யூட்டரிதான். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் உட்கார்ந்துகொண்டு மற்ற சுரப்பிகளை எல்லாம் ஆட்டிவைக்கிற சுரப்பி. ஆடு அறுக்கும் கூடத்திலிருந்து ஐஸ் பிளாஸ்க்கில் அவற்றைக் கொண்டுவந்து, அரைத்து, வடிகட்டி, முட்டையைப் பழுக்க வைக்கிற ஹார்மோனைப் பிரித்துவிடலாம் என்று மூன்று வருஷமாக மல்லுக்கட்டினார். அவர் மருந்துக்கு ஒரு தவளையும் அசைந்து கொடுக்கவில்லை. இந்த மாதத்தோடு மூட்டை கட்டு என்று இயக்குநர் சொல்லிவிட்டிருந்தார்.

தவளையக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். ஊருக்கெல்லாம் நல்ல சேதி சொன்னவளுக்குத் தன் வீட்டில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முறை நாள் தள்ளிப்போய், அவசரப்பட்டுக் கணவரிடம் சொல்லி, இரண்டு முறையும் ஏமாற்றம். அச்சகத்தில் பிழை திருத்துகிற மனிதர் அவர். இரண்டாம் முறை ஒரு மரத்தொட்டிலே வாங்கி வந்துவிட்டார். பிறகு அதை ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். அந்த மௌனத்தை இன்னொரு தரம் பார்க்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். உறுதியாகத் தெரியும்வரை இனி மூச்சுவிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

இந்த முறை பன்னிரண்டு நாள் தள்ளியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து வந்ததும், தன் சிறுநீர்க் குப்பியில் பெயர் போடாமல் '212' என்று வரிசை நம்பரை மட்டும் எழுதி ஒட்டினாள். நோட்டைப் பார்த்தாள். ஏழாம் நம்பருக்கு லீவு முடிந்திருந்தது. பதினோரு வருஷமாக ஊருக்குப் போட்ட ஊசியைத் தனக்காக ஏற்றிவிட்டு, நோட்டில் எழுதினாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தாள். ஏழாம் தொட்டியின் அடியில் முட்டைகள். கொஞ்சநஞ்சமல்ல, வாரி இறைத்த மாதிரி. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நீ நல்லா இருப்படி" என்று தவளையிடம் சொன்னாள். மற்ற தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றும்போது வாய்விட்டுப் பாடினாள். சாயங்காலம் அவரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்துச் சிரித்தாள்.

பத்து மணிக்குச் சுரப்பி சார் படியிறங்கி வந்தார். தொட்டியைப் பார்த்தவர் அலறியே விட்டார்.

"அக்கா! முட்டை! என் மருந்து வேலை செஞ்சிருச்சுக்கா!"

"உங்க மருந்தா? ஏழுக்கா?"

"நேத்து மத்தியானம் நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. கடைசிச் சொட்டு வரைக்கும் இதுக்குத்தான் போட்டேன்."

"நோட்டுல எழுதலையே சார்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எழுதணும்னுதான் வந்தேன். இயக்குநர் கூப்பிட்டாரு, ஓடிட்டேன்."

அவள் 212-ஐப் பற்றிச் சொன்னாள். யாரென்று சொல்லவில்லை. அவர் முகம் ஒரு நொடி இருண்டது, உடனே தெளிந்தது.

"அந்தக் குப்பியில மிச்சம் இருக்கா? வேற ரெண்டு தவளைக்குப் போடுங்கக்கா. முட்டை வரலைன்னா இது என் மருந்துதான். வரக் கூடாதுன்னு வேண்டிக்கங்க!"

அவருடைய பிழைப்பும் அவளுடைய பிள்ளையும் ஒரே முட்டைக் குவியலில் கிடந்தன. அவள் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நம்பருக்கும் பதினொன்றாம் நம்பருக்கும் ஊசி போட்டு, நோட்டில் எழுதினாள்.

வியாழக்கிழமை காலை இரண்டு தொட்டியிலும் தண்ணீர் பளிங்காக இருந்தது. சுரப்பி சார் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கும்போதுதான் முகத்தைப் பார்த்தார்.

"212 யாருக்கா?"

"நான்தான் சார்."

அவர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒரு தவளையை வெச்சு எதையும் சொல்ல முடியாதுக்கா" என்றார். மூன்று வருஷ உழைப்பை அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்காக விட்டுக்கொடுக்கப் பார்த்தார்.

"இப்ப மூணு ஆயிருச்சு சார்" என்றாள் அவள். பிறகுதான் அழுதாள்.

அவருடைய அடுத்த மருந்துக்கும் தவளைகள் முட்டையிட்டன. வேலை நிலைத்தது, பேரும் வந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு தவளையைச் சும்மா எட்டிப் பார்த்தால்கூட லீவு நோட்டில் எழுதி வைப்பார். அவர்மேல் அவளுக்குக் கோபமே வந்ததில்லை. ஐந்து வருஷத்தில் புதிய சோதனை வந்து, தவளைகள் போய், அறை சாமான் போடும் இடமானது. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை எட்டிலிருந்து பத்து வரை அவள் தாயாக இருந்தாள். வாழ்க்கையில் எதைத் திருப்பிக் கேட்பாய் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் கேட்பாள்.

நாற்பது வருஷம் கழித்து ஒரு காலையில், சுரப்பி சார் காலமான செய்தி பேப்பரில் வந்தது. கணவர்தான் வாசித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டே இருந்தவள், காபி ஆறுவதுகூடத் தெரியாமல், ஏழாம் நம்பர் கதையை முதல் தடவையாக அவரிடம் முழுக்கச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படி? நான் மூச்சே விடலையே!"

"அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நீ தண்ணி வாளியைத் தூக்கல. நீங்களே மாடிக்குக் கொண்டாங்கன்னு சொன்னே. கல்யாணமாகி எட்டு வருஷத்துல அதுதான் மொதத் தடவை. எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம்." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "மறுநாள் நீயே தூக்கிட்டு வந்துட்டே."

"கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா, நீ பதில் சொல்ல வேண்டி வந்திருக்குமே."