களிமண் இறக்கம்

"டெல், அப்பாவோட அந்தக் கையப் பிடி. அது இல்லடா, தொங்குற கைய!"

மார்லிஸ் கத்திக்கொண்டே அப்பாவின் இடுப்பைத் தாங்கிப் பிடித்தாள். ஆர்விட் கனத்த மனிதர். கூடாரத்துக்கு வெளியே இரண்டு பிக்கப் வண்டிகள் நின்றன. எதில் ஏற்றுவது?

விடிந்ததிலிருந்தே அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. சொல்லவில்லை. நெஞ்செரிச்சல் என்று காப்பியைத் தள்ளிவைத்துவிட்டு, நேற்று வேட்டையில் சுட்ட எல்க் மானின் தொடைகளைத் தன் பழைய பிக்கப்பில் ஏற்றி முடித்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். கறியைக் காட்டில் விட்டுவிட்டு வீடு திரும்பும் குடும்பமல்ல அது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. மிசோரி ஆற்றுக் கரையின் களிமண் பாதை உறைந்து கிடக்கும்வரை சிமெண்ட், உருகிவிட்டால் வெண்ணெய். ஆம்புலன்ஸ் மேலே ஏறாது. போனில் சிக்னல் கிடைக்கவே இறக்கத்தைத் தாண்டியாக வேண்டும்.

"என் வண்டியில போவோம்க்கா. சூடா இருக்கும், சீட்டச் சாச்சுக்கலாம். வெரசா கீழ போயிடலாம்."

"கீழன்னா எங்க, பள்ளத்துக்குள்ளயா?"

ஆர்விட் வலியோடு உதட்டைக் கோணினார். "சர்ச்சுக்குப் போற வண்டிடா அது, டெல். சேத்துக்கு ஆகாது."

டெல்லின் புது வண்டிக்கு அகலமான டயர்கள். களிமண்ணில் அகலம் மிதக்கும். அப்பாவின் வண்டிக்குக் குறுகலான டயர்கள்; அவை சேற்றைக் கிழித்து அடியிலிருக்கும் கெட்டித் தரையைத் தொடும். பின்னால் கறிப்பாரம் வேறு. காலி பிக்கப்பின் பின்பக்கம் நாய் வாலாட்டுவது போல அலையும். பாரம் ஏறினால்தான் அடங்கும். இதெல்லாம் மார்லிஸுக்குத் தெரியும். பழைய வண்டி ஆமைபோலத்தான் இறங்கும் என்பதும் தெரியும். வேகமா, பிடிப்பா? அப்பாவின் உதடுகள் நீலம் பூத்துக்கொண்டிருந்தன.

"பழசுல ஏத்து," என்றாள்.

ஒரே நீள இருக்கை. அப்பாவை நடுவில் வைத்து, டெல் கதவோரம் அணைத்துப் பிடித்துக்கொண்டான். இறக்கத்தின் தலையில் மார்லிஸ் நான்கு சக்கரங்களுக்கும் விசையைக் கொடுத்து முதல் கியரில் போட்டாள். இனி பிரேக்கைத் தொடக்கூடாது. பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. எஞ்சின்தான் வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். அது முனகிக்கொண்டே பிடித்தது. இடப்பக்கம் விளிம்பு, அதற்குக் கீழே பைன் மரங்களின் உச்சிகள்.

"இன்னும் கொஞ்சம் வேகமா, அக்கா."

"முடியாதுடா."

"அப்பாவுக்கு மூச்சு..."

"முடியாதுன்னேன்ல!"

பின்பக்கம் விளிம்பை நோக்கி நழுவியது. அவள் கால் தானாகவே பிரேக்கின் மேல் போய், தொடாமல் நின்றது. பிறகு பாரம் அழுந்தி, டயர் தரையைக் கண்டுபிடித்தது.

"கறிய இறுக்கிக் கட்டினியாடா?" என்றார் ஆர்விட்.

"கட்டிட்டேம்ப்பா."

அடுத்த வளைவில் அவர் தலை மார்லிஸின் தோளில் சாய்ந்தது. அவருடைய முழங்கால், தரையிலிருந்து நீண்டிருந்த கியர் கம்பியின் மேல் சரிந்து அங்கேயே கிடந்தது. டெல் அவர் கழுத்தில் விரலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"நிறுத்துக்கா! நெஞ்ச அமுக்கணும்."

"இங்க நின்னா மூணு பேரும் போயிடுவோம். அப்படியே அமுக்கு."

இருக்கையோடு சேர்த்து அவன் அமுக்கிக்கொண்டே வந்தான்; ஒவ்வொரு அமுக்கலுக்கும் இருக்கை கிரீச்சிட்டது. பாதி வழியில் அந்தச் சத்தம் ஓய்ந்தது. மார்லிஸ் திரும்பவில்லை. பாதையை விட்டுக் கண்ணை எடுக்கப் பயம். பார்த்துவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

கீழே வந்ததும் டெல் போனில் பேசினான். ஆம்புலன்ஸ் தார்ச்சாலையில் எதிரே வருகிறதாம். போனை வைத்தான். பிறகு வாயைத் திறந்தான். 'என் வண்டியில வந்திருந்தா...' என்று சொல்லப்போகிறான். மார்லிஸ் பற்களைக் கடித்துக்கொண்டாள்.

"ஹீட்டரப் போடவா?" என்றான்.

தார்ச்சாலை நேராக, காய்ந்து கிடந்தது. இனி கியரை மாற்றலாம். அதற்கு அவர் முழங்காலைத் தள்ளிவிட வேண்டும்.

முதல் கியரிலேயே எஞ்சின் அலற, அவள் ஓட்டினாள். வேட்டை முடிந்து திரும்பும் பிக்கப்புகள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. எதிர்ப்பக்கம் காலியாகத்தான் இருந்தது. சவ ஊர்வலத்தின் பின்னால் வருவதுபோல யாரும் முந்தவில்லை; ஒரு ஹார்னும் ஒலிக்கவில்லை.