கனேசுகே கொடுத்த சிவப்பு வாசல்

இனாரி சாமியின் மலையடிவாரத்தில் பொரித்த டோஃபு விற்க இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று எங்களுடையது. எதிரே இருந்த ஒட்சுனே அக்காவின் கடை ஜனவரியில் எரிந்து சாம்பலானது. என் கணவர் கனேசுகேதான் முதல் ஆளாக வாளியோடு ஓடினார். கை வெந்துபோன அக்காவை எங்கள் கடையிலேயே வேலைக்கும் வைத்துக்கொண்டார். ஊரே அவரைக் கொண்டாடியது. எனக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டில் ஒரு தட்டைக்கூடக் கழுவி வைக்காத மனுஷன்!

பிப்ரவரியில், பஞ்சாங்கத்தின் முதல் குதிரை நாளில், சாமிக்குத் திருவிழா. சாமியின் தூதர்களான நரிகளுக்கு டோஃபு படைக்காமல் அன்றைக்கு யாரும் படியேற மாட்டார்கள். முந்தின நாள் காலை, நரிச் சிலைகளுக்குப் புதுத் துணி கட்டப் போனேன். தச்சர் சோகிச்சி படிப்பாதையில் இரண்டு தூண் வைத்த ஒரு சிவப்பு மர வாசலை நட்டுக்கொண்டிருந்தார். வேண்டுதல் பலித்தவர்கள் நன்றிக்குக் கொடுக்கிற வாசல். தூணின் பின்பக்கத்தில் என் கணவர் பெயர்.

"அட, எங்க வீட்டுக்காரரா! எங்கிட்ட மூச்சே விடலையே?"

"நவம்பர்லயே செய்யச் சொல்லிட்டாரும்மா. பலிச்சிடுச்சான்னு கேட்டேன். 'நீ நடுறதுக்குள்ள பலிச்சிடும், குதிரை நாளன்னிக்கு அடிவாரத்துல ஒரே கடைதான் இருக்கும்'னு சிரிச்சார். சாமி மேல என்ன நம்பிக்கை பாருங்க!"

தச்சர் வெளியூர்க்காரர். தீப்பிடித்த கதை அவருக்குத் தெரியாது.

நவம்பரிலேயே தெரியுமா? முதல் ஆளாக ஓடினாராம்! எங்கே எரியப்போகிறது என்று தெரிந்தவன் முதலில் ஓட மாட்டானா? பாவி. இவனுக்கா பத்தொன்பது வருஷம் சோறு போட்டேன்? தூணைப் பிடித்துக்கொண்டேன். வெளியே சொன்னால் அவர் ஜெயிலுக்குப் போவார், கடையும் போகும். வாயை மூடிக்கொண்டால் நாளைய கூட்டம் மொத்தமும் எங்களுக்குத்தான்.

அப்போது ஒட்சுனே அக்கா, கட்டுப் போட்ட கையில் டோஃபுத் தட்டோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"நாளைக்கு நம்ம கடை நல்லா ஓடணும்னு நரிக்கு வெக்க வந்தேன் ஷிகேனோ. புதுசா இருக்கே, யாரு வாசல்டி? என் கண்ணாடிதான் தீயில போச்சே, நீ படியேன்."

"கனேசுகே" என்றேன்.

"தங்கமான மனுஷன்! எதுக்காம்?"

தச்சர் பக்கம் திரும்பினேன்.

"மேஸ்திரி, எங்கிட்ட சொன்னதை அக்காகிட்டயும் அப்படியே சொல்லுங்க. எந்த மாசம்னும் சொல்லுங்க."