பத்துப் படாத திரட்டுப்பால்

"வளைகாப்புக்குப் போற டின்னும் பூஞ்சணம் பூத்துப்போச்சுன்னா நீ அந்த உத்தியோகத்தை விட்டுடணும், கேட்டயா விஜயம்?" என்றாள் சூடாமணி.

"சரி, அம்மா" என்று மருமகள் விஜயம் வீம்புக்குச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உத்தியோகத்தையே பணயம் வைத்துவிட்டது உறைத்தது. கரமனை அக்ரஹாரத்திலிருந்து பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் லாபரட்டரியில் பாலையும் தண்ணீரையும் பரிசோதிக்கப் போன முதல் பெண் அவள். அந்தப் பெருமையை அவள் ஒருநாளும் ஒளித்ததில்லை. எதற்கு ஒளிக்க வேண்டும்?

வம்பு தீபாவளிக்குத் தொடங்கியது. நாக்பூரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜெயலக்ஷ்மிக்குச் சூடாமணி அனுப்பிய திரட்டுப்பாலைச் சம்பந்திகள் முன்னால் திறந்தபோது, மேலே பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருந்ததாம். சூடாமணியின் கைப்பக்குவத்துக்குத் தெருவில் ஈடு கிடையாது. அப்படியானால் குற்றம் யாருடையது? ஆபீஸில் கிருமி வளர்க்கிற மாட்டுப்பெண்ணுடையதுதான்! புடவையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதாம்.

விஜயத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் தலையோடு குளித்த பிறகுதான் அவள் எதையும் தொடுவாள். மடிச் சமையல் நடக்கையில் உள்ளே காலே வைத்ததில்லை. பின்னே பூஞ்சணம் எப்படி வந்தது? ஜெயலக்ஷ்மியின் வளைகாப்புக்கு அடுத்த டின் போயாக வேண்டும். அதற்குமுன் வீட்டுக்கென்று மாமியார் திரட்டுப்பால் கிளறிய அன்று, விஜயம் சமையலறை வாசற்படிக்கு இப்புறம் உட்கார்ந்து அவள் கையையே பார்த்தாள்.

வெண்கல உருளியில் பால் சுண்டி, சர்க்கரை சேர்ந்து, நெய் கக்கித் திரண்டது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பக்கத்து அடுப்பில் சாதம் கொதித்தது. சூடாமணி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். மடி ஆசாரப்படி சாதம் தொட்ட கை பத்து. ஜலத்தைத் தொடாமல் வேறெதையும் தொடக் கூடாது. குடத்து நீரில் விரல்களை நனைத்தாள். அந்த ஈரக் கையாலேயே திரட்டுப்பாலை அள்ளிப் பாத்திரத்தில் அழுத்தினாள்.

விஜயத்துக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. பாத்திரத்தில் அழுத்தியதில் கொஞ்சமும், உருளியில் கை படாமல் ஒட்டியிருந்ததை உலர்ந்த கரண்டியால் வழித்துக் கொஞ்சமும் லாபரட்டரிக்குக் கொண்டுபோய் வைத்தாள். சில நாளில் ஈரக் கை பட்டது பூத்தது. மற்றது வைத்தபடியே இருந்தது.

"அம்மா, இந்தத் தடவை சாதம் வெக்கறதுக்கு முன்னாலேயே திரட்டுப்பாலைக் கிளறி டின்லே அடைச்சுடுங்கோ. பால்லே வெந்தது பத்தில்லையே. பத்துப் படாத கைக்கு ஜலம் என்னத்துக்கு?"

"இத்தனை காலமா இப்படித்தானே பண்ணறேன்? அப்போல்லாம் கெட்டுதா?"

"அது அந்தக் காலமாக்கும். பண்ணின கையோட தின்னு தீர்த்துட்டோம். இப்போ நாக்பூர் போறதுக்குள்ளே அந்த ஈரத்துலே பூஞ்சணம் வளர்ந்துடறது."

மடி விஷயத்தில் சூடாமணியை அதுவரை யாரும் மடக்கியதில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மறுநாள் விடியற்காலையில், சாத அடுப்பு மூட்டாமல், உருளியை மட்டும் ஏற்றினாள்.

விஜயத்தின் கணவன் அந்த டின்னோடு தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலேறினான். வளைகாப்பு முடிந்து தங்கையைப் பிரசவத்துக்கு அவன் அழைத்து வரும்வரை ஆபீஸில் விஜயத்தின் கை வேலையில் இருந்தது, மனம் நாக்பூரில் இருந்தது.

ஜெயலக்ஷ்மி வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து அதே டின்னை எடுத்தாள். "சம்பந்திகள்லாம் அடிச்சுண்டு தின்னா, அம்மா. மிச்சத்தை ஒளிச்சு வெச்சுக் கொண்டுவந்தேன்."

சூடாமணி மூடியைத் திறந்தாள். நெய் மணம் குப்பென்று அடித்தது. விரலால் தொடப்போனவள் நிறுத்திக்கொண்டாள். ஒரு கிண்ணத்தை அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, உலர்ந்த கரண்டியால் கொஞ்சம் எடுத்துப் போட்டு விஜயத்திடம் நீட்டினாள்.

"நாளைக்கு இதை ஒன் ஆபீஸுக்குக் கொண்டுபோ. எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுப் பாக்கட்டும், ஒண்ணும் மொளைக்காது. யார் பண்ணினதுன்னு கேப்பா."

விஜயம் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "கரமனை சூடாமணி அம்மாள்னு சொல்றேன்."

"அதோட நிறுத்திடாதே" என்றாள் சூடாமணி. "எந்த மாட்டுப்பொண் சொல்லிக் குடுத்துப் பண்ணினான்னும் சொல்லு."