ஒன்றாம் லேனுக்கு முதுகு

குன்னூரில் ரேகா போகிற ரைபிள் கிளப்பில் வரிசையாக நின்று சுட மொத்தம் ஆறு லேன். இடதுகைக்காரி அவள் ஒருத்திதான். சுடுகிறவர்கள் குறிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வலதுகைக்காரர்கள் எல்லோரும் வலப்பக்கம் பார்த்து, அடுத்தவர் முதுகைப் பார்த்தபடி நிற்பார்கள். ரேகா மட்டும் இடப்பக்கம் திரும்பி நிற்பாள். அவளுடையது இரண்டாம் லேன். இடது ஓரத்துச் சுவரை ஒட்டிய ஒன்றாம் லேனில் அவள் புருஷன் விமல். ஆகப் பதினொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் முகத்துக்கு முகம் நின்று சுட்டார்கள். சண்டை போட்ட வாரங்களில் அது பெரிய இம்சை. ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் குறி பார்க்கிற அழகைப் பார்த்தால் கோபம் நிலைக்காது.

விமல் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து கிளப்புக்கு வந்தவள், வலப்பக்கம் திரும்பி நின்று வலக்கையால் சுட்டாள். குண்டு கண்ட இடத்துக்குப் போனது. கேட்டவர்களிடம் ஸ்டாக்கின் மேல் பழியைப் போட்டாள். ஸ்டாக் என்பது தோளிலும் கன்னத்திலும் பதிகிற மரக்கட்டை. அவளுடையது எந்தக் கைக்கும் பொதுவான பழைய கட்டை. இடக்கைக்குச் சரியாக உட்காரவில்லை என்றாள். பதினொரு வருஷம் உட்கார்ந்தது இப்போது ஏன் உட்காரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள் அப்படித்தான், கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார்கள்.

சும்மாவும் இருக்க மாட்டார்கள். கிளப் செயலாளர் வேலுமணி அண்ணன் கோயம்புத்தூரில் சொல்லிவைத்து, இடதுகைக்கென்றே செய்த புது ஸ்டாக் ஒன்றைத் தருவித்துவிட்டார். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்.

ரேகா அதை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்; வேலுமணி மட்டும் பக்கத்தில் நின்றார். பழைய கட்டையில் எந்தப் பக்கமும் திரும்பி நிற்கலாம். இதை மாட்டினால் இடப்பக்கம் மட்டும்தான். ஒன்றாம் லேனில் அவன் இல்லை என்பதை ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தே ஆக வேண்டும். வீட்டில் அவன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாயிற்று. தலையணையைப் பரணில் ஏற்றியாயிற்று. இன்னும் எத்தனை இடத்துக்கு முதுகைக் காட்டுவது என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது.

“புடிக்கலைன்னா சொல்லீருங்க அம்மிணி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்” என்றார் வேலுமணி.

“மாட்டிக் குடுங்கண்ணா.”

அவர் திருகுகளை முடுக்கிக் கொடுத்தார். ரேகா இரண்டாம் லேனில் போய் நின்று இடப்பக்கம் திரும்பினாள். துப்பாக்கியைத் தூக்கினாள். கட்டை கன்னத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. இனி சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

விமல் நிற்கிற இடத்துக்குப் பின்னால், சுவரில் ஓர் ஆள் அகலத்துக்குச் சன்னல் இருந்தது. வெளியே தேயிலைச் சரிவு, நாலைந்து சில்வர் ஓக் மரங்கள், மேலேறி வருகிற மூடுபனி.

“இந்தச் சன்னல எப்பங்கண்ணா வெச்சீங்க?”

வேலுமணி அவளை ஒரு மாதிரி பார்த்தார். “கட்டடம் கட்டுனப்பவே வெச்சதுங்களே அம்மிணி.”

ரேகா துப்பாக்கியை இறக்கவில்லை. குறி கலங்கித் தெரிந்தது. அது தெளிகிறவரை அப்படியே நின்றாள்.