காணாமல் போன டானிக் மூடி

"மாமா, டானிக் மூடிய எங்க வெச்சீங்க?" என்று அருள்மொழி சமையலறையிலிருந்து கத்தினாள்.

காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கிய சங்குகளைத் தரையில் பரப்பியிருந்தாள். ரெசினில் சின்னப் பதக்கம் வார்க்க அந்த மூடிதான் அச்சு. ரெசினைக் கலக்கியாயிற்று, அரை மணிக்குள் ஊற்றாவிட்டால் கல்லாகிவிடும்.

"உன் குப்பையில நான் எதுக்குடி கை வெக்கிறேன்?" என்றான் அவள் கணவன் கொளஞ்சியப்பன், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

அப்போது சிலிண்டருக்குப் பின்னாலிருந்து மூடி தானாக நடந்து வந்தது. அருள்மொழி குனிந்தாள். மூடிக்கு அடியில் ஆறு கால்கள், மிளகு மாதிரி இரண்டு கண்கள். சங்குக்குள் குடியிருக்கும் நண்டு! அவள் ஆசையாக எடுத்துவந்த புள்ளிச் சங்கு காலியாகக் கிடந்தது.

"இவ்ளோ அழகான வூட்ட வுட்டுட்டு இதுக்கா குடி போன?"

சங்கை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் கவிழ்ந்து படுத்தாள். நண்டு ஒரு காலை நீட்டிச் சங்கின் வாயைத் தடவியது, இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது.

"மாமா, ஓடியாங்க! யோசிக்குது!"

அவனும் வந்து பக்கத்தில் படுத்தான்.

கிண்ணத்தில் ரெசின் இறுகி, கலக்கிய குச்சி நட்டுக்கொண்டு நின்றது. இருவரும் இன்னும் எழுந்திருக்கவில்லை.